எம்எல்ஏ வந்ததும் எடுத்துவிடலாம்

எம்எல்ஏ வந்து நிற்கும்போது நான் அழக்கூடாது. முதலில் அதை மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். அழுதால் காரியம் கெட்டது. அழுகிற பொம்பளைக்கு யாரும் காது கொடுப்பதில்லை, தோளைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மாலையை வைப்பார். கை கூப்பிக் கொஞ்சம் நிற்பார். ஃபோட்டோ எடுக்கிறவன் பக்கவாட்டில் குனிவான். பிறகு என் பக்கம் திரும்பி, போகிற சாவு வீட்டிலெல்லாம் சொல்கிற அதே வார்த்தையை, தைரியமா இருங்கம்மா என்று சொல்வார். அங்கேதான் எனக்கு இடம். அவர் அதைச் சொல்லி முடிப்பதற்கும் திரும்பி நடப்பதற்கும் நடுவில் ஒரு மூச்சு விடுகிற நேரம் இருக்கும், அதற்குள் சொல்லிவிட வேண்டும். ஐயா, என் பெயர் வசந்தகோகிலம், இதோ படுத்திருக்கிறாரே தட்சிணாமூர்த்தி, அவருடைய சம்சாரம். சே, அது எதற்கு? பிணத்தின் பக்கத்தில் தலைவிரிகோலமாக உட்கார்ந்திருப்பவள் சம்சாரம் என்று தெரியாதா அவருக்கு? பெயர் வேண்டாம். ஐயா, எங்கள் நாணல்திட்டுக்கு நீங்கள் வந்ததற்கு ரொம்ப நன்றி. நன்றியும் வேண்டாம், நன்றி சொன்னால் வந்த வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுவார். ஐயா, போன வருஷ வெள்ளத்தில் எங்கள் நடைபாலம் இடிந்ததிலிருந்து நாங்கள்... இழுக்கிறது. எங்கே ஆரம்பித்தாலும் இழுத்துக்கொண்டே போகிறது. இவர் இருந்தால் சுருக்கிக் கொடுப்பார், இதெல்லாம் இவருக்குக் கைவந்த கலை என்று நினைத்துக்கொண்டே கேட்பதற்காக இவர் பக்கம் திரும்புகிறேன். திரும்பிய பிறகுதான் தாடையைச் சேர்த்துக் கட்டியிருக்கிற வெள்ளைத் துணி கண்ணில் படுகிறது.

காதுமடலில் ஓர் எறும்பு. சுண்டுவிரலால் தட்டிவிடுகிறேன். காது ஜில்லென்று இருக்கிறது, உயிரோடு இருந்தபோது இவ்வளவு ஜில்லென்று இருந்ததே இல்லை, மார்கழிக் குளிரில்கூட இவர் காது சுடும். ஐஸ்தான் காரணம். கண்ணாடிப் பெட்டி வாடகைக்குச் சொல்லி, அது அக்கரை வரைக்கும் வந்துவிட்டது. பெட்டிக்காரன் தண்ணீரைப் பார்த்தான், இடிந்து நிற்கிற தூண்களைப் பார்த்தான், மோட்டார் நனைந்தால் நான் முதலாளிக்குப் பதில் சொல்ல முடியாது என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அதனால் இவர் தம்பி கலியபெருமாள் மீன் மார்க்கெட்டில் ஐஸ் பாளம் வாங்கி, உமி போட்டுச் சாக்கில் கட்டித் தலையில் வைத்துத் தண்ணீரில் இறங்கித் தூக்கி வந்தார். பாதி ஆற்றோடு போய்விட்டது. மீதி இப்போது பெஞ்சுக்கு அடியில் உருகி, உமியைத் தள்ளிக்கொண்டு என் பாவாடைக்குக் கீழே வந்து சேர்கிறது. நனைந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து மாற்றிக்கொள்ள மனம் இல்லை. மீன் வாடைக்குப் பயந்து என் நாத்தனார் ஊதுபத்தி மேல் ஊதுபத்தியாகச் செருகிக்கொண்டிருக்கிறாள். இவருக்கு மீன் வாடை பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை நான் மீன் கழுவினால் கிணற்றடிக்குப் போ, கிணற்றடிக்குப் போ என்று விரட்டுவார். இப்போது விரட்ட ஆள் இல்லை, மீன் வாடையிலேயே படுக்க வைத்திருக்கிறோம். நான் தலை நிமிரும்போதெல்லாம் கலியபெருமாள் ஓடி வருகிறார். "எம்எல்ஏ வந்ததும் எடுத்துடலாம் அண்ணி. கெளம்பிட்டாராம். கட்சிக்காரன் சம்பந்தம் ஃபோன் பண்ணிட்டான்." காலையில் பல் விளக்குகிற நேரத்திலிருந்து கிளம்பிக்கொண்டே இருக்கிறார். ஐயா, ஒரே ஒரு விஷயம். ஆம், இப்படி ஆரம்பிக்கலாம். ஒரே ஒரு விஷயம் என்றால் மனிதன் நிற்பான்.

ஆனால் எந்த விஷயம்? செத்த கதையைச் சொல்வதா, சாகப்போகிற கதையைச் சொல்வதா? நேற்று மத்தியானம் கத்திரித் தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். ஆம்புலன்ஸைக் குறை சொல்லக்கூடாது, வந்துவிட்டது. அதன் சத்தம் இங்கே நன்றாகக் கேட்டது. இவருக்கும் கேட்டது. கேட்டதும் முகத்தில் ஒரு தெம்பு வந்தது, அதைப் பார்த்தேன், வந்துட்டாங்க பாரு கோகிலம் என்றார். வந்தார்கள், அக்கரைக்கு. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நேற்று தண்ணீர் தொடை வரைக்கும்தான். மேற்கே மலையில் மழை என்கிறார்கள், இன்றைக்கு இன்னும் ஏறியிருக்கும். நட்டாற்றில், அந்த மூளித் தூணுக்குப் பக்கத்தில், ஒருத்தன் கால் சறுக்கியது, நாற்காலி சாய்ந்தது, இவர் மெதுவா, மெதுவா என்றார். அதுதான் கடைசி. அதற்குப் பிறகு பேசினாரா என்று கேட்கிறார்கள். பேசவில்லை. மெதுவாப் போங்க என்று யாருக்கு யார் சொல்வது, இவர்தான் அவசரமாகப் போனவர். கரையில் ஏற்றி வண்டிக்குள் படுக்க வைத்ததும் அந்த நர்ஸ் பிள்ளை கையைப் பிடித்துப் பார்த்தது, கண்ணை விரித்துப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருக்கலாம்ல அக்கா என்றது. வண்டிச் சத்தம் கேட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று, எவ்வளவு நேரம் நீ எங்கள் கண் எதிரிலேயே நின்றாய் என்று அதனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? அதே நாற்காலியில், இந்தத் தடவை கயிறு போட்டுக் கட்டி, திரும்பத் தூக்கி வந்தார்கள்.

இவரும் லேசுப்பட்டவர் இல்லை. எம்எல்ஏவை இக்கரைக்கு வரவழைக்காமல் விடமாட்டேன் என்று ஒரு வருஷமாக ஒற்றைக்காலில் நின்றவர். மனு கொடுத்தார், அது ஆறு ஓர் இலாகா, பாலம் வேறு இலாகா என்று பந்து போல அங்கும் இங்கும் போய் வந்தது. ஆஃபீசுக்குப் போனார், அண்ணன் சென்னையில் என்றார்கள். சென்னைக்கே போனார், அண்ணன் தொகுதியில் என்றார்கள். பி.ஏ.வுக்குத் தினமும் ஃபோன் போடுவார். கடைசியில் அந்தப் பி.ஏ. இவர் குரலைக் கேட்டாலே, சொல்லிட்டேங்க ஐயா, சொல்லிட்டேங்க என்று வைத்துவிடுவான். குறைதீர்க்கும் எண் ஒன்றுக்குப் பேசிப் பதிவு பண்ணினார், தங்கள் குறை தீர்க்கப்பட்டது என்று மெசேஜ் வந்தது. அன்றைக்குச் சாயங்காலம் குடையை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார், ஒருவேளை கட்டியிருப்பார்களோ என்னவோ என்று. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் தலையில் அடித்துக்கொண்டேன். இதற்கெல்லாம் மேலே, அபி கல்யாணம். எங்களுக்கு ஒரே பெண். டவுனில் மண்டபம் பிடிக்கலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள், இவர் பிடிவாதமாகத் திட்டிலேயே பந்தல் போட்டார். எதற்கு? பத்திரிகையில் எம்எல்ஏ தலைமை என்று படத்தோடு அச்சடித்து விட்டார். பந்தல் இங்கே என்றால் மனிதன் தண்ணீரில் இறங்கித்தானே ஆகவேண்டும், இறங்கினால் உறைக்கும் என்று கணக்கு. மாப்பிள்ளை வீட்டார்தான் இறங்கினார்கள். சம்பந்தியம்மா பட்டுப்புடவையை முழங்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டு, நகைப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். அதை இன்றைக்கு வரைக்கும் என்னிடம் சொல்லிக்காட்டுகிறாள். எம்எல்ஏ வரவில்லை. அவர் படம் போட்ட சுவர்க் கடிகாரம் ஒன்று சம்பந்தம் கையில் வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதை அடுப்பில் போட்டிருப்பேன். இவர் வாங்கி மாட்டினார், அடுத்த தடவை வரும்போது பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று.

கிளைச் செயலாளர் சம்பந்தம்தான் இந்த ஊருக்கும் எம்எல்ஏவுக்கும் நடுவில் இருக்கிற ஒரே கதவு. நேற்றுச் சாயங்காலமே வந்துவிட்டான், தகவலைச் சொல்லிட்டேன், அண்ணன் கண்டிப்பா வருவாரு, கல்யாணத்துக்கு ஆள் அனுப்புவாரு, சாவுன்னா நேர்ல வந்துருவாரு, அதுவும் இப்ப தேர்தல் வேற வருது என்றான். வாஸ்தவம். பேப்பரில் தினமும் ஏதாவது ஒரு பிணத்துக்குப் பக்கத்தில் கை கூப்பிக்கொண்டு நிற்கிறார். அதைக் கேட்டதும் திட்டில் எல்லோருக்கும் ஒரே எண்ணம் வந்தது. வாய்விட்டுச் சொல்ல முதலில் கூச்சப்பட்டார்கள். பிறகு கலியபெருமாள்தான் என் பக்கத்தில் குந்தி, "அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க, நாங்க வாயத் தொறந்தா கட்சிச் சண்டையாப் போயிடும். நீங்க கேட்டா அவுரால தட்ட முடியாது" என்றார். தாலி கழற்றுகிற அன்றைக்குப் பெண் பிள்ளை கேட்டதை இல்லை என்று யாராலும் சொல்ல முடியாதாம். அவ்வளவுதான், ஆளாளுக்கு வாத்தியாராகிவிட்டார்கள். ஒருத்தி காலில் விழச் சொன்னாள். ஒருத்தர் வீடியோ எடுத்துப் போட்டுவிடுவோம் என்றார். நாட்டாண்மை வீட்டுப் பெரியவர் முதலில் அவரைப் புகழ்ந்து இரண்டு வார்த்தை சொல்லு, பிறகு கேளு என்றார். எதிர்வீட்டுச் சரோஜா அக்கா, நடந்ததை எல்லாம் சொல்லாத, என்ன வேணும்னு மட்டும் சொல்லு என்றாள், அதுதான் எனக்குச் சரியாகப் பட்டது. சம்பந்தத்துக்கு எப்படியோ மூக்கில் வியர்த்துவிட்டது. போகும்போது என்னைப் பார்க்காமல் தூணைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான். "துக்கம் கேக்க வர்ற எடத்துல கோரிக்கை கீரிக்கைன்னு ஆரம்பிச்சிடாதீங்க. அப்பறம் அடுத்த சாவுக்கு வரமாட்டாரு."

அடுத்த சாவு. இவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டான். யாருடைய சாவு? சுவருக்கு அந்தப் பக்கம் அபி விசும்புகிற சத்தம் கேட்கிறது. தலைப்பிரசவத்துக்கு வந்தவள். தை மாசக் கல்யாணம், இப்போது நிறைமாசம். வயிற்றுப்பிள்ளைக்காரி பிணத்தைப் பார்க்கக்கூடாது என்று பக்கத்து வீட்டில் கொண்டுபோய் உட்கார வைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். பெற்ற அப்பன் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் கிடக்கிறார், மகள் அந்தப் பக்கம். நடுராத்திரியில் சுவரைத் தட்டினாள், அம்மா, அப்பா மூஞ்சி எப்பிடி இருக்கு என்று கேட்டாள். தூங்குற மாதிரிதான் இருக்கு என்றேன். பொய். வாய்க்கட்டு கட்டிய மூஞ்சி தூங்குகிற மாதிரி எங்கே இருக்கும்? அவளுக்கு ரத்த அழுத்தம் வேறு இருக்கிறது. கால் வீங்கிக் கிடக்கிறது. வலி வந்தால் உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துவிட வேண்டும், வீட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருக்கிறாள். அக்கரையில் என் தங்கை வீட்டில் இந்த வாரமே கொண்டுபோய் விடுவதாக இருந்தோம். இப்போது தீட்டு. கருமாதி முடிகிறவரை சாவு வீட்டுப் பெண்ணை யாரும் வாசல்படி ஏற்றமாட்டார்கள், தங்கை ஏற்றினாலும் அவள் மாமியார் ஏற்றமாட்டாள். மாப்பிள்ளை திருப்பூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார், அவர் மட்டும் வந்து என்ன பண்ணுவார், ஆற்றைக் கையில் தள்ளி வைப்பாரா? ஐப்பசி பிறக்கப் போகிறது. அடைமழை பிடித்துவிட்டால் இந்த ஆற்றில் யானை இறங்காது. போன வருஷம் படகு விட்டார்கள், அதுவும் ராத்திரியில் வராது. ஐயா, பாலம் கட்டித் தாருங்கள் என்று கேட்டால் கட்டுவோம் அம்மா என்பார், கட்டுவதற்குள் அபி வயிற்றுப்பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும். பாலம் கேட்கக்கூடாது. குழாய் போட்டு, மேலே மண் கொட்டி, ஆம்புலன்ஸ் வருகிற அளவுக்கு ஒரு தற்காலிக வழி. மழைக்குள். அவ்வளவுதான் கேட்க வேண்டும். ஐயா, ஒரே ஒரு விஷயம், என் பெண் நிறைமாசம், மழைக்குள் குழாய் போட்டு மண் கொட்டி ஒரு வழி பண்ணிக்கொடுங்கள். வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். உதடு அசைவதைப் பார்த்து ஒருத்தி, பாவம், புருஷனோட பேசுது என்கிறாள்.

இந்த நாத்தனார் ஒருத்தி. யாராவது புதிதாக வாசலில் நுழைந்தால் போதும், கூடியிருக்கிற பெண்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எடுத்த எடுப்பில் உச்சிக்குப் போய்விடுகிறாள். குரல் அப்படி. என்கூடப் பிறந்த அண்ணனே, என்னைப் பார்க்க வந்த ராசாவே என்று அவள் பிடித்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கும். எம்எல்ஏ நுழையும்போதும் அப்படி ஆரம்பித்துவிட்டால் என் பேச்சு எங்கே எடுபடும்? காலையில் தயங்கித் தயங்கிச் சொன்னேன், அவர் வர்ற நேரம் மட்டும் கொஞ்சம் அடக்கிக்கம்மா என்று. முகம் எப்படிப் போயிற்று என்கிறீர்கள். "எங்கண்ணனுக்கு அழுவுறதுக்கும் இனிமே உங்ககிட்ட உத்தரவு வாங்கணுமா அண்ணி? நீங்கதான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடல, நாங்களுமா?" உண்மைதான். விடவில்லை. எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கல் நெஞ்சுக்காரி என்று ஒருத்தி, அதிர்ச்சியில் இருக்கா, கொஞ்சம் அழ வைங்க என்று இன்னொருத்தி. எனக்கு அழ நேரம் இல்லை என்று யாரிடம் சொல்வது? அழுகை வந்தபோதெல்லாம் வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டேன். அழுகை பின்னாலிருந்து முட்டும், நான் ஐயா ஒரே ஒரு விஷயம் என்று ஆரம்பிப்பேன், அது அடங்கிவிடும். இப்போது பயமாக இருக்கிறது. இவர் முகத்தைப் பார்க்கிறேன், இவரோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினேனே, ஒரு சண்டை, ஒரு சிரிப்பு, ஏதாவது ஒன்று ஞாபகத்துக்கு வர வேண்டாமா? குழாய், மண், மழைக்குள் என்றுதான் வருகிறது. இவருக்கு இருந்த பைத்தியம் எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. இவரை நினைத்து அழ வேண்டிய ராத்திரியை முழுக்க அந்த ஆளுக்குக் கொடுத்துவிட்டேன். அதை நினைத்தால் எம்எல்ஏ மேல் வராத கோபம் என் மேல் வருகிறது.

வெயில் பெஞ்சுக்கு வந்துவிட்டது. ஐஸ் முழுக்கக் கரைந்துவிட்டது, உமி மட்டும் சொதசொதவென்று கிடக்கிறது. இவர் வயிறு லேசாக உப்பியிருக்கிறது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, ஆனால் நாத்தனார் வேட்டியை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டாள். நாட்டாண்மை வீட்டுப் பெரியவர் இனிமே தாங்காதுப்பா என்றார். கலியபெருமாள் ஃபோனை எடுத்து எடுத்துப் பார்க்கிறார். வரவே வேண்டாம், நிம்மதியாக எடுத்துக்கொண்டுபோய்க் கொளுத்திவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. உடனே சுவருக்கு அந்தப் பக்கம் அபி இருமினாள். வரட்டும். வந்துதான் ஆகவேண்டும். அப்போதுதான் கலியபெருமாளின் ஃபோன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். சம்பந்தம் குரல், பின்னால் கார் சத்தம்.

"கலியபெருமா, அண்ணன் வந்துட்டாரு. அக்கரையில நிக்கிறோம். தண்ணி ரொம்ப ஏறிக் கெடக்கு, கூட வந்த போலீஸ்காரரு எறங்கக் கூடாதுங்கிறாரு. அண்ணனுக்கு இன்னும் ரெண்டு எழவு வீடு, ஒரு காதுகுத்து இருக்கு. நீங்க என்னா பண்றீங்க, அப்பிடியே பாடியத் தூக்கிட்டு இங்க வந்துருங்க. கரையிலயே மாலையப் போட்டுட்டுக் கெளம்பிடுவாரு. சீக்கிரம், சீக்கிரம்."

பறைக்காரர்கள்கூட அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். சுடுகாடு இந்தப் பக்கமில்ல இருக்கு என்று பெரியவர் மெதுவாகச் சொன்னார். ஃபோன் வைத்தாகிவிட்டது, அவர் யாரிடம் சொல்கிறார்? நானும் சத்தம் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. கேட்டதும் எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, அக்கரை என்றால் இன்னும் நல்லது, அங்கே அதிகாரிகள்கூட இருப்பார்கள், எல்லோர் காதிலும் விழும்படி சொல்லலாம் என்று கணக்குப் போட்டேன். இவர் போடுகிற மாதிரியே கணக்கு. அவசர அவசரமாகக் குளிப்பாட்டினார்கள். எனக்குக் கடைசித் தடவையாகப் பூ வைத்தார்கள், குங்குமம் வைத்தார்கள், சுற்றி வரச் சொன்னார்கள், வந்தேன், வாய்க்கரிசி போட்டேன், அரிசி வாய்க்கட்டின் மேல் விழுந்து சிதறியது. சுவரின் அந்தப் பக்கம் அப்பா, அப்பா என்று கதவை அடிக்கிற சத்தம். பாடையைத் தூக்கினார்கள். தெருமுனை வந்தது. பெண்கள் எல்லோரும் நின்றார்கள். நாத்தனார் என் கையைப் பிடித்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, கலியபெருமாளுக்கும் அப்போதுதான் உறைத்தது. கொள்ளிச்சட்டியோடு திரும்பிப் பார்த்தார். பொம்பளைகள் தெருமுனையோடு நின்றுகொள்ள வேண்டும், பிணத்துக்குப் பின்னால் போகக்கூடாது. ராத்திரி முழுக்க ஊரே கூடி எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது, வருகிறவர் இந்த வாசலுக்கு வரமாட்டார் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. "நான் சொல்லிடுறேன் அண்ணி" என்றார். பாடை நிற்கக்கூடாது, போய்விட்டது.

கையை எப்போது உருவினேன் என்று தெரியாது. அண்ணி, ஊரு என்னா பேசும் என்று பின்னால் நாத்தனார் கத்தினாள், அதற்குள் நான் கரைக்கு வந்துவிட்டேன். பாடை நட்டாற்றைத் தாண்டிவிட்டது, நாலு பேரும் கைகளை உயர்த்தித் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு போகிறார்கள், இவர் கால் இந்தப் பக்கமாக ஆடிக்கொண்டு போகிறது. அக்கரையில் வெள்ளைக் கார்கள். குடைக்கு அடியில் வெள்ளைச் சட்டை. அவர்தான். முதல் தடவையாக உயிரோடு பார்க்கிறேன், படத்தில் இருப்பதைவிடக் குள்ளம். இக்கரையில் பறை திரும்பவும் ஆரம்பித்துவிட்டது. நிறுத்துங்கள் என்று கையைக் காட்டினேன், சாவு ஊர்வலத்தில் மேளத்தை நிறுத்தச் சொல்கிறவளை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள், இன்னும் ஓங்கி அடித்தார்கள். இறங்கினேன். தண்ணீர் ஐஸை விடக் குளிர்ச்சியாக இருந்தது. தூணுக்குத் தூண் கட்டிய கயிறு ஒன்று இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். முழங்கால், தொடை, இடுப்பு. அங்கே பாடையைக் கீழே வைக்கவில்லை, வைக்கக்கூடாது, நாலு பேரும் தோளிலேயே வைத்துக்கொண்டு குனிந்து கொடுத்தார்கள். அவர் மாலையைப் போட்டார். கை கூப்பினார். ஃபோட்டோக்காரன் தண்ணீர் ஓரத்துக்கு வந்து குனிந்தான். தைரியமா இருங்கம்மா என்று சொல்ல அங்கே அம்மா யாரும் இல்லை, அதனால் அந்த நேரமும் அவருக்கு மிச்சம். திரும்பிவிட்டார். மூளித் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கத்தினேன். ஐயா, என் பொண்ணு நிறைமாசம், மழைக்குள்ள கொழாய் போட்டு மண்ணு கொட்டி ஒரு வழி பண்ணுங்க. ஒரு வார்த்தை பிசகவில்லை. இன்னொரு தடவையும் கத்தினேன். நின்றார். என்னைப் பார்த்தார், நன்றாகப் பார்த்தார், பிறகு சம்பந்தத்தின் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டார். சம்பந்தம் அவர் காதில் ஏதோ சொன்னான். அவர் முகம் இளகிப் போனது. மேடையில் செய்வதைப் போல இரண்டு கையையும் தலைக்கு மேலே உயர்த்தி என்னை நோக்கி ஒரு கும்பிடு போட்டார். காரில் ஏறினார்.

கார்கள் போய்விட்டன. பாடை திரும்பி வருகிறது, புது ரோஜா மாலை நீரில் தொங்கிக்கொண்டு வருகிறது. நான் தூணோடு ஒட்டி வழி விட்டேன். கலியபெருமாள் என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தார். "நீங்க சொன்னீங்களா தம்பி?" என்று கேட்டேன். "பக்கத்துல விடலீங்க அண்ணி, போலீஸ்காரரு தள்ளிட்டாரு." "அவர் என்னமோ கேட்டாரே, என்ன கேட்டார்?" சொல்லமாட்டேன் என்பதைப் போலத் தலையை ஆட்டினார். கேட்டுக்கொண்டே குறுக்கே வந்து நின்றேன், பாடையை மறித்துக்கொண்டு. கடைசியில் சொன்னார். "பாடையத் தூக்கிட்டு நின்னவங்க காதுல விழுந்துச்சாம். அந்தம்மா என்னா சொல்லுதுன்னு கேட்டாராம் அண்ணி. சம்பந்தம், 'பொஞ்சாதிண்ணே, அழுவுறாங்க'ன்னானாம்."

நான் அழவில்லை. பாடையைத் தாங்கி நின்ற நாலு பேரும் போங்க அண்ணி, கரைக்குப் போங்க என்றார்கள். தண்ணீர் இப்போது இடுப்புக்கு மேலே ஏறியிருந்தது. பாடை என் தலைக்கு நேரே வந்தபோது நான் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. தூக்கி வருகிற நாலு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தேன், யார் நல்ல உயரம், யாருக்குக் கால் சறுக்கவில்லை, அபிக்கு வலி எடுத்தால் யாரைக் கூப்பிடுவது என்று.